தபாலில் வந்த பேட்மேனும் ஓடிடியில் ஓடும் பேட்மேனும்

தங்கை போன மாதம் போனில் கேட்டாள்: "அண்ணா, பசங்களுக்குப் பழைய பேட்மேன் கார்ட்டூன்ல ஆரம்பிச்சு ஸ்பைடர்மேன் வரைக்கும் வரிசையா காட்டணும்னு ஆசை. எந்த ஓடிடிக்கு சந்தா கட்டட்டும்?" அவள் நியூஜெர்சியில் இருக்கிறாள். 2005-லிருந்து பதினைந்து வருஷம் நாங்களும் அங்கேதான் இருந்தோம். எங்கள் பிள்ளைகள் இதே படங்களைப் பார்த்துத்தான் வளர்ந்தார்கள். ஆனால் அவற்றில் முக்கால்வாசி எங்கள் வீட்டுக்குத் தபாலில் வந்தவை. அதனால் அவளுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

இன்று ஓடிடியாக இருக்கும் நெட்ஃபிளிக்ஸ் அப்போது டிவிடியைத் தபாலில் வாடகைக்கு அனுப்பியது. அந்தத் தபால் முறை எப்படி நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரீட் ஹேஸ்டிங்ஸும் மார்க் ராண்டால்ஃபும் 1997-ல் கலிபோர்னியாவில் நெட்ஃபிளிக்ஸைத் தொடங்கியபோது அமெரிக்க வீடுகளில் இருந்தது விஹெச்எஸ் வீடியோ கேசட். அதைத் தபாலில் அனுப்பினால் செலவு கட்டாது. அதே வருஷம்தான் டிவிடி அங்கே கடைக்கு வந்தது. ஒரு டிஸ்க் சுமார் பதினாறு கிராம். மெல்லிய கவரோடு சேர்த்தாலும் ஒரு அவுன்ஸை (28 கிராம்) தாண்டாது. சாதாரணக் கடிதத்துக்கு ஆகும் தபால்தலை போதும்; நாங்கள் போன காலத்தில் 37 சென்ட். இருவரும் ஒரு பாட்டு சிடியைக் கவரில் போட்டு சாண்டா குரூஸிலிருந்து தபாலில் அனுப்பி, உடையாமல் வந்து சேர்கிறதா என்று பார்த்த பிறகுதான் துணிந்து இறங்கினார்கள். 1998-ல் வாடகை தொடங்கியது. அடுத்த வருஷமே மாதச் சந்தா வந்துவிட்டது, தாமதக் கட்டணம் என்ற பேச்சே இல்லாமல்.

சிவப்புக் கவரின் ஓரத்தைக் கிழித்தால் உள்ளே வெள்ளைக் காகித உறை. அதில் படத்தின் பெயர், நாலு வரிக் கதைச்சுருக்கம், ஒரு பார்கோடு. பார்த்து முடித்ததும் அதே கவர் திருப்பி அனுப்பும் கவராகிவிடும். தபால்தலை ஒட்ட வேண்டியதில்லை, வாசல் பெட்டியில் வைத்தால் போதும். காலையில் போட்டால் மறுநாள் கிடங்குக்குப் போகும். அன்றே அடுத்த டிஸ்க் புறப்படும். அதற்கும் மறுநாள் நம் பெட்டியில். எல்லாம் சரியாக நடந்தால் மூன்று நாள் சுற்று. ஒரே நேரத்தில் மூன்று டிஸ்க் வைத்துக்கொள்ளும் திட்டம் 2005 வாக்கில் மாதம் 17.99 டாலர். நாங்கள் மாதம் பன்னிரண்டு டிஸ்க் போல பார்த்தோம். அதாவது ஒரு படத்துக்கு ஒன்றரை டாலர்.

ஞாயிற்றுக்கிழமை தபால் கிடையாது. எனவே சனிக்கிழமை இரவுப் படத்துக்கு செவ்வாய் புதனிலேயே பழைய டிஸ்க் கிளம்பியாக வேண்டும். இந்தக் கணக்கு என் மகனுக்கு ஏழு வயதிலேயே அத்துப்படி. "அப்பா, இன்னிக்கு போடலேன்னா சனிக்கிழமை ஜஸ்டிஸ் லீக் இல்ல" என்று ஷூ மாட்டும்போதே நினைவூட்டுவான்.

இப்போது ஓடிடி. அதன் பலத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், வெளியே பனி கொட்டுகிறது, மத்தியானம் இரண்டு மணிக்கு 'இன்கிரெடிபிள்ஸ்' வேண்டும் என்றால் உடனே போடலாம். தபாலில் அது நடக்கவே நடக்காது. கீறல் பயம் இல்லை, டிஸ்க் தொலையும் பயம் இல்லை. தமிழ்க் குடும்பத்துக்கு இன்னொன்றும் உண்டு. அமெரிக்க டிவிடிகளில் ஆங்கிலம், ஸ்பானிஷ், பிரெஞ்சு ஒலித்தடங்கள்தான் வழக்கம். தமிழ் வந்ததாக ஒன்றுகூட நான் பார்த்ததில்லை. ஆனால் 'ஸ்பைடர்மேன்: அக்ராஸ் த ஸ்பைடர்-வெர்ஸ்' 2023-ல் இந்தியாவில் தமிழ் உட்படப் பத்து மொழிகளில் வெளியானது. பாட்டியோடு உட்கார்ந்து பார்க்கும் வீட்டுக்குத் தமிழ் ஒலித்தடம் என்பது சின்ன விஷயமில்லை. அது கிடைக்க வாய்ப்பிருக்கும் இடம் ஓடிடிதான்.

ஆனால் தங்கை கேட்டது 'வரிசையாகக் காட்ட வேண்டும்' என்று. அந்த இடத்தில்தான் ஓடிடி தடுமாறுகிறது. காரணம் சட்டம். ஒரு பிரதியைக் காசு கொடுத்து வாங்கியவர் அதை யாருக்கும் விற்கலாம், படைப்பாளி தடுக்க முடியாது என்பது 1908-ல் ஒரு புத்தக வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன கொள்கை. பிறகு அது பதிப்புரிமைச் சட்டத்தின் 109-ஆம் பிரிவானது. திரைப்பட டிஸ்கை வாடகைக்கு விடவும் அந்தப் பிரிவே போதும். அதாவது தபாலில் வாடகைக்கு அனுப்பும் நிறுவனம் எந்த ஸ்டூடியோவின் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. கடையில் டிஸ்க் கிடைத்தால் வாங்கி அலமாரியில் வைக்கலாம். பேட்மேனின் டிசி, அவெஞ்சர்ஸின் மார்வெல், இன்கிரெடிபிள்ஸின் பிக்சார், ஸ்பைடர்-வெர்ஸின் சோனி எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். ஓடிடிக்கு அந்த உரிமை இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் உரிமம் வாங்க வேண்டும், அது முடிந்தால் படம் போய்விடும்.

அதன் விளைவைப் பாருங்கள். டிஸ்னி பிளஸ் 2019 நவம்பரில் வந்தது. பிக்சாரும் மார்வெலும் அங்கே போயின. எச்பிஓ மேக்ஸ் 2020 மே மாதம் வந்தது, டிசி அங்கே. அதற்கு முன் டிசிக்கென்றே 2018-ல் தொடங்கிய டிசி யுனிவர்ஸ் சேவையில் 2021 ஜனவரிக்குப் பிறகு படங்களே இல்லை, காமிக்ஸ் மட்டும்தான். சோனியின் ஸ்பைடர்-வெர்ஸ் படங்கள் உரிமத்தைப் பொறுத்து இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2022 ஆகஸ்டில் எச்பிஓ மேக்ஸ் ஒரே வீச்சில் பல அனிமேஷன் தொடர்களைத் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. எனக்கும் இப்படி ஒன்று நடந்தது. நான் சந்தா கட்டியிருந்த ஒரு சேவையில் ஒரு தொடரின் பாதியில் இருந்தோம். மாதம் பிறந்ததும் அது காணாமல் போயிருந்தது. மகளுக்கு அதை எப்படி விளக்குவது என்றே தெரியவில்லை.

1992-ல் தொடங்கிய 'பேட்மேன்: த அனிமேட்டட் சீரிஸ்' மொத்தம் 85 அத்தியாயம். அதன் முதல் டிவிடி தொகுப்பு நான்கு டிஸ்க், 28 அத்தியாயம். அடுத்தடுத்து எது வேண்டும் என்று நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் போட்டுவைக்கும் பட்டியலுக்கு வரிசை என்று பெயர்; அதை டிஸ்க் டிஸ்காக அந்த வரிசையில் போட்டோம். ஒன்றில் ஏழு அத்தியாயம், ஒரு வாரத்துக்குச் சரியாக இருக்கும். தினம் ஒன்று, அதோடு பெட்டி அணையும். 'அடுத்த அத்தியாயம் இன்னும் ஐந்து விநாடியில்' என்று எதுவும் தானாக ஓடாது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது இரண்டையும் அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

படத்தின் தரம் பற்றி. டிவிடியில் 480 கோடுகள்தான். இன்றைய பெரிய டிவியில் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். ஓடிடி எண்ணிக்கையில் பலமடங்கு மேல். ஆனால் அந்த பேட்மேன் தொடரின் பின்னணி ஓவியங்கள் கறுப்புத் தாளில் வரையப்பட்டவை. வெள்ளைத் தாளில் இருட்டைப் பூசவில்லை; கறுப்பில் தொடங்கி வெளிச்சத்தை மட்டும் வரைந்தார்கள். இணைய வேகம் குறையும்போது ஓடிடி முதலில் காவு கொடுப்பது இந்த இருட்டைத்தான். பேட்மேனின் காதம் நகரத்து வானம் கட்டம் கட்டமாக உடைந்து, பட்டை பட்டையாகத் தெரியும். இந்தத் தொடருக்கும் 1993-ல் வந்த 'மாஸ்க் ஆஃப் த பேன்டசம்' படத்துக்கும் டிவிடியைவிடத் துல்லியமான ப்ளூரே டிஸ்க் கிடைத்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம் என்பது என் கட்சி.

டிஸ்கில் இருக்கும் கூடுதல் சமாச்சாரங்களை நான் பெரிதாக மதிக்கிறேன். 2010-ல் வந்த 'ஜஸ்டிஸ் லீக்: கிரைசிஸ் ஆன் டூ எர்த்ஸ்' டிஸ்கில் ஸ்பெக்டர் என்ற டிசி பாத்திரம் பற்றிய குறும்படம் ஒன்று உண்டு. அதே வருஷம் 'பேட்மேன்: அண்டர் த ரெட் ஹூட்' டிஸ்கில் ஜோனா ஹெக்ஸ் என்ற பாத்திரத்தின் குறும்படம். பெரிய படத்துக்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நிமிஷம் அப்பளம் மாதிரி. 'இன்கிரெடிபிள்ஸ்' டிவிடியில் இயக்குநர் பிராட் பேர்டும் தயாரிப்பாளர் ஜான் வாக்கரும் படம் முழுக்கப் பேசும் ஒலித்தடம் இருக்கிறது. ஓடிடியில் டிஸ்னி பிளஸ் மாதிரி சில இடங்களில் இந்தக் கூடுதல்கள் ஓரளவு கிடைக்கின்றன, பல இடங்களில் இல்லவே இல்லை.

இதில் தபாலுக்கும் குறை உண்டு. இரண்டு டிஸ்க் தொகுப்பு என்றால் இரண்டாவது டிஸ்க் தனிக் கணக்கு, அதற்காக ஒரு சுற்று வீணாகும். பிறகு சில ஸ்டூடியோக்கள் வாடகைக்கென்றே கூடுதல்களை எடுத்துவிட்ட டிஸ்குகளைத் தயாரிக்க ஆரம்பித்தன. சட்டப்படி காத்திருக்கத் தேவையில்லை என்றாலும், வார்னர் ஸ்டூடியோ 2010-ல் நெட்ஃபிளிக்ஸோடு செய்த ஒப்பந்தப்படி, புதிய படம் கடைக்கு வந்து 28 நாள் கழித்துத்தான் தபாலுக்கு வரும். 2012-ல் அது 56 நாளானது. டிசி படங்களெல்லாம் வார்னருடையவை. ரசிகர்களுக்கு அது உறுத்தத்தான் செய்தது.

பதிப்பு விஷயத்திலும் கவனம் வேண்டும். 'பேட்மேன் பியாண்ட்: ரிட்டர்ன் ஆஃப் த ஜோக்கர்' 2000-ல் வன்முறைக் காட்சிகள் குறைக்கப்பட்டு வந்தது, வெட்டாத பதிப்பு 2002-ல் தனி டிஸ்காக வந்தது. டிஸ்க் என்றால் அட்டையைப் பார்த்து எது என்று தெரிந்துகொள்ளலாம். பார்க்காமல் வரிசையில் போட்டது என் தவறு. எட்டு வயது மகன் அன்றிரவு எங்கள் அறையில் வந்து படுத்தான்.

என் மகளால்தான் நான் டிஸ்க் பக்கம் உறுதியாகச் சாய்ந்தேன். 'இன்டூ த ஸ்பைடர்-வெர்ஸ்' டிஸ்க் 2019-ல் வந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது, சதா வரைந்துகொண்டிருப்பாள். காட்டில் புது ஸ்பைடர்மேனான மைல்ஸும் பழைய ஸ்பைடர்மேனான பீட்டரும் வலை வீசித் தாவும் இடத்தில் நிறுத்தி, ரிமோட்டில் ஒவ்வொரு சட்டமாக (ஃபிரேம்) நகர்த்தினாள். பீட்டர் ஒவ்வொரு சட்டத்திலும் நகர்கிறான்; மைல்ஸ் இரண்டு சட்டத்துக்கு ஒரு முறைதான். விநாடிக்கு 24 சட்டம் ஓடும் படத்தில் மைல்ஸ் 12 தான். இன்னும் பழகாத பையன் என்பதை அப்படிக் காட்டியிருக்கிறார்கள். அவள் அதைத் தானே கண்டுபிடித்துக் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. டிவியில் ஓடும் ஓடிடி செயலிகளில் பொதுவாக பத்து விநாடி முன்னே, பத்து விநாடி பின்னே, அவ்வளவுதான்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பிளாக்பஸ்டர் என்ற வீடியோ வாடகைக் கடை நிறுவனம் 2006 கடைசியில் தபாலில் வந்த டிஸ்கைக் கடையில் கொடுத்து, அங்கேயே வேறு படம் எடுத்துக்கொள்ளும் திட்டம் கொண்டுவந்தது. வாடிக்கையாளருக்கு அதைவிட நல்ல பேரம் இருந்ததில்லை. ஆனால் அந்த நிறுவனம் 2010-ல் திவாலானது. டிஸ்க் வாடகைக்குத் தரும் ரெட்பாக்ஸ் தானியங்கிப் பெட்டிகளில் ஆரம்பத்தில் ஓர் இரவுக்கு ஒரு டாலர். புதுப் படத்துக்கு நல்லது, பழைய அனிமேஷனைத் தேடிப் போனால் கிடைக்காது. 2024-ல் அதுவும் மூடியது. நியூஜெர்சியின் எடிசன் ஊர்ப் பக்கத்து இந்திய மளிகைக் கடைகளில் தமிழ்ப் படம் வாடகைக்குக் கிடைத்தது. சூப்பர் ஹீரோ கார்ட்டூனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அந்தத் தபால் முறை இன்று இல்லை. 2023 செப்டம்பர் 29-ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸ் கடைசி டிஸ்கை அனுப்பியது. இருபத்தைந்து ஆண்டுகளில் 520 கோடிக்கும் மேல் அனுப்பியிருந்தார்கள். கடைசியாகப் போனவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். சியாட்டிலில் ஸ்கேர்குரோ வீடியோ என்ற லாப நோக்கமற்ற அமைப்பு இன்னும் நாடு முழுக்கத் தபாலில் வாடகைக்கு அனுப்புகிறது. அவர்களிடம் 1,40,000-க்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. அரிய படத்துக்கு அது சரி. வாராவாரம் பார்க்க, அமெரிக்காவின் எந்த ஊரிலும் இருக்கிற பொது நூலகமே போதும். சட்டத்தின் அதே 109-ஆம் பிரிவுதான் அங்கும் வேலை செய்கிறது. பக்கத்து ஊர் நூலகத்து டிஸ்கைக்கூட முன்பதிவு செய்தால் வரவழைத்துத் தருவார்கள். பெரும்பாலும் காசு கிடையாது.

தங்கைக்கு நான் சொன்னது இதுதான். மூன்று சந்தா ஒரே நேரத்தில் வேண்டாம். ஏதாவது ஒன்றை மட்டும் இரண்டு மாதம் கட்டு, அதில் இருப்பதைப் பார், நிறுத்து, அடுத்ததற்குப் போ. காய்ச்சல் நாளுக்கும் அம்மா வந்து தங்கும் நாளுக்கும் அது உதவும். பேட்மேன் தொடர், ஜஸ்டிஸ் லீக், 2007-க்குப் பிந்தைய டிசி படங்கள் எல்லாவற்றுக்கும் நூலகத்தில் வரிசை போடு. ஸ்பைடர்-வெர்ஸை மட்டும் டிஸ்காக விலைக்கு வாங்கிவிடு, பெரியவள் வரைகிறாள் அல்லவா. டிஸ்க் ஓட்ட என்ன செய்வது என்றாள். மச்சானின் பழைய பிளேஸ்டேஷன் வீடியோ கேம் பெட்டி அலமாரியில் கிடக்கிறதே, அது போதும் என்றேன்.

போன சனிக்கிழமை போட்டோ அனுப்பினாள். நூலகத்திலிருந்து 'மாஸ்க் ஆஃப் த பேன்டசம்' வந்துவிட்டது. டிஸ்கின் பின்பக்கம் இரண்டு கீறலும் யாரோ குழந்தையின் விரல் ரேகையும். மெல்லிய பருத்தித் துணியால் துடைக்கச் சொல்லியிருக்கிறேன். சுற்றிச் சுற்றி வேண்டாம், நடுவிலிருந்து ஓரத்துக்கு, நேர்கோடாக.