கடையில் ஓடிய ராம் என் கம்ப்யூட்டரில் ஓடவில்லை: பழைய டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பழைய டெஸ்க்டாப்புக்கு ராம் (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம்) வாங்கக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு மூன்று வாரம் வீணாய்ப் போனது, பணமும் போனது.

என்னுடையது இன்டெல் ஜி41 மதர்போர்டு (ஜி41 என்பது அதிலுள்ள சிப்செட், அதாவது ராமைக் கையாளும் முக்கிய சிப்), கோர் 2 டுயோ ப்ராசசர். ராம் ஸ்லாட் இரண்டுதான், அதில் ஒன்றில் மட்டும் 2 ஜிபி டிடிஆர்3 (ராமில் ஒரு தலைமுறை) இருந்தது. பிரவுசரில் நாலு டேப் திறந்தால் ஹார்டு டிஸ்க் விளக்கு அணையவே அணையாது. ஜி41 போர்டு 8 ஜிபி வரை தாங்கும் என்று கையேட்டில் போட்டிருந்தது. விண்டோஸும் 64 பிட். (32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜிபிக்கு மேல் போடுவது தண்டச்செலவு, அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.) சரி, இரண்டு 4 ஜிபி ராம் போட்டால் இன்னும் சில வருஷம் ஓட்டலாம் என்று நினைத்தேன்.

போர்டின் பெயரை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டுதான் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைப் பார்க்கக்கூட இல்லை. "டிடிஆர்3 தானே சார், எல்லாம் ஒண்ணுதான்" என்றார். மேசை மேல் மூடியில்லாமல் கிடந்த ஒரு கம்ப்யூட்டரில் இரண்டையும் மாட்டி ஆன் செய்தார். 8 ஜிபி என்று காட்டியது. "நல்லாப் பாத்துக்குங்க சார், அப்புறம் வந்து ஓடலன்னு சொல்லக் கூடாது" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். நான் ஏமாந்தது அந்த இடத்தில்தான், ஆனால் அது புரிய ரொம்ப நாள் ஆனது.

வீட்டுக்கு வந்து மாட்டினால் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு, நீளநீளமாக பீப். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி, இரண்டு ஓரத்திலும் கிளிப் 'டக்' என்று விழும்வரை அழுத்தினேன். அதே பீப். ஒரு ராம் மட்டும் போட்டேன், ஸ்லாட் மாற்றினேன், தங்கப் பற்களை அழிரப்பரால் தேய்த்தேன், போர்டிலிருந்த சிஎம்ஓஎஸ் பேட்டரியைக் கழற்றி அரை மணி நேரம் கழித்துப் போட்டேன். ஒன்றுக்கும் அசையவில்லை. பழைய 2 ஜிபியைத் திரும்ப மாட்டினேன். எந்த ஸ்லாட்டில் போட்டாலும் உடனே விண்டோஸ் வந்துவிட்டது.

சிபியூவையே தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, "போர்டு வீக் ஆயிடுச்சு சார்" என்றார்கள். போர்டு வீக் என்றால் பழைய ராம் மட்டும் எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். "அது பழகின ராம் சார்." என் வாழ்க்கையில் நான் கேட்ட தொழில்நுட்ப விளக்கங்களில் இதுதான் முதலிடம். போர்டு, ப்ராசசர் எல்லாவற்றையும் மாற்ற ஒரு மதிப்பீடு வேறு எழுதிக் கொடுத்தார்கள். பார்த்ததற்கு சர்வீஸ் கட்டணம் தனி. கட்டிவிட்டுத்தான் சிபியூவை எடுத்துவர முடிந்தது.

அன்றிரவு மேசை விளக்கடியில் வைத்து அந்த ராமைப் புரட்டிப் பார்த்தேன். கடையின் வாரண்டி ஸ்டிக்கர், பொருளின் அளவுக்குச் சம்பந்தமில்லாத பெரிய ஸ்டிக்கர், கிழித்தால் வாரண்டி செல்லாது என்ற வாசகத்தோடு. அதன் ஒரு மூலையில் இன்னொரு லேபிளின் விளிம்பு எட்டிப் பார்த்தது. நகத்தால் மெல்ல உரித்தேன். கீழே தயாரிப்பாளர் லேபிள். அதில் கொட்டை எழுத்தில், ஏஎம்டி (இன்டெல்லுக்குப் போட்டியான ப்ராசசர் நிறுவனம்) டெஸ்க்டாப்புக்கு மட்டும் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. கடையில் சோதித்துக் காட்டிய கம்ப்யூட்டர் ஏஎம்டி. அதில் ஓடாமல் எங்கே போகும்?

இப்படி ஒரு ரகம் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ராமுக்கும் ப்ராசசருக்கும் நடுவில் ஒரே நேரத்தில் 64 பிட் போக வேண்டும். சாதாரண ராமில் ஒவ்வொரு சிப்பும் 8 பிட் தரும், எட்டு சிப் சேர்ந்தால் 64. 16 சிப் இருந்தால் அது இரண்டு வரிசை. இந்த ஏஎம்டி ரகத்தில் ஒவ்வொரு சிப்பும் 4 பிட்தான் தரும், 16 சிப்பும் சேர்ந்து ஒரே வரிசை. இந்த 4 பிட் சிப்புகள் பெரும்பாலும் சர்வர் ராம்களுக்கானவை. பழைய ஏஎம்டி ஏஎம்2, ஏஎம்3 ப்ராசசர்கள் இதைச் சமாளித்துவிடும். இன்டெல்லின் சாதாரண டெஸ்க்டாப் சிப்செட் இதைத் தொடாது. டிடிஆர்2 4 ஜிபியிலும் இதே கதைதான்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. லேபிளில் 2ஆர்எக்ஸ்8 என்றிருந்தால் இரண்டு வரிசை, 8 பிட் சிப். 1ஆர்எக்ஸ்4 என்றால் தொடாதீர்கள். லேபிளை நம்பாதவர்கள் சிப்பின் மேலேயே படிக்கலாம், செல்போன் கேமராவில் பெரிதாக்கினால் தெரியும். சாம்சங் டிடிஆர்3 சிப்பில் 2ஜி என்ற எழுத்துக்கு அடுத்து 08 வந்தால் 8 பிட், 04 வந்தால் 4 பிட். என்னுடையதில் பதினாறு சிப்பிலும் 04. லேபிளில் பிசி3-10600க்குப் பின்னால் வரும் எழுத்தையும் பாருங்கள். யூ என்றால் வீட்டுக் கம்ப்யூட்டருக்கானது, ஆர் என்றால் சர்வருக்கானது.

திரும்பப் போனேன். இந்த முறை மறுபேச்சில்லாமல் வேறு 4 ஜிபி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள், எட்டே சிப் உள்ளது. அது பூட் ஆனது, ஆனால் 2 ஜிபி என்று காட்டியது! எட்டு சிப்பில் 4 ஜிபி அடைக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் 4 ஜிகாபிட் (8 ஜிகாபிட் சேர்ந்தால் ஒரு ஜிபி). ஜி41 அறிந்தது 2 ஜிகாபிட் சிப் வரைதான், மிச்சப் பாதியை எட்ட, சிப்புக்குள் எந்த இடம் என்று சொல்லும் முகவரிக் கம்பி அதற்குப் போதாது. ஆகவே இந்தப் போர்டில் 4 ஜிபி ராம் என்றால் பதினாறு சிப், அதுவும் 8 பிட் சிப். வேறு எதை நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். சோதனையை உங்கள் சிபியூவில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், கடை மேசையில் இருப்பதில் அல்ல.

கடைசியில் தெரிந்தவர் ஒருவரின் பழைய இன்டெல் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஒரு ஜோடி 2ஆர்எக்ஸ்8 கிடைத்தது. மாட்டியதும் 8 ஜிபி காட்டியது. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளைப் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன், காலையில் பிழை பூஜ்யம். 'வீக்' ஆன அதே போர்டுதான்.

கடையில் பணத்தைத் திருப்பித் தரமாட்டோம் என்றார்கள், வேறு பொருள் எடுத்துக்கொள்ளலாமாம். அரைமணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு எனக்குத் தேவையே இல்லாத ஒரு கீபோர்டோடு வெளியே வந்தேன். வருவதற்கு முன், நான் ஸ்டிக்கர் உரித்த அந்த இரண்டு ராமையும் கடைக்காரர் துணியால் துடைத்தார். டிராயரைத் திறந்து புது வாரண்டி ஸ்டிக்கர் இரண்டை எடுத்து, அதே இடத்தில், அந்த ஏஎம்டி எழுத்து மறையும்படி ஒட்டி, கண்ணாடி அலமாரியில் வைத்தார். நான் எதிரே நின்றுகொண்டுதான் இருந்தேன்.