பேருந்துத் தடத்தைச் சாலையில் போடும் முன் கணினியில் போட்டுப் பார்க்க: சுமோ மென்பொருள் மதிப்புரை

பேருந்துக்குத் தனித்தடம் ஒதுக்கினால், வேக வரம்பை 50-லிருந்து 30-க்கு இறக்கினால், பழைய டீசல் வண்டிகளை நகர மையத்துக்குள் விடாவிட்டால் கார்பன் எவ்வளவு குறையும்? அறிவிப்பு வரும் முன்பே கணக்குப் பார்க்க உதவுவது சுமோ. ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையமான டிஎல்ஆர் உருவாக்கியது. 2001 முதல் திறமூலம், காசு கிடையாது. ஒவ்வொரு வண்டியையும் நொடிக்கு நொடி ஓட்டிக் காட்டும். ஆனால் எதைக் கேட்கக்கூடாது என்று தெரியாமல் எடுத்தால், நல்ல திட்டம் ஒன்று காகிதத்திலேயே செத்துப்போகும்.

ஒரு கணக்கு பார்ப்போம். இரண்டு தடச் சாலை, சிக்னலில் பாதி நேரம் பச்சை. பச்சையில் ஒரு தடம் மணிக்கு 1,800 வண்டி வீதம் விடும் என்றால், பாதி நேரத்தில் 900. இரு தடத்துக்கும் 1,800. வருவது 1,500 கார், ஆக நெரிசல் இல்லை. ஒரு தடத்தைப் பேருந்துக்குக் கொடுத்ததும் மணிக்கு 600 கார் வரிசையில் தேங்கும். நின்று நின்று நகரும் அந்த வரிசையைப் பார்த்து, கார்பன் கூடிவிட்டது என்று சுமோ காட்டும். கூட்டலில் பிழையில்லை, கேள்விதான் பிழை. காருக்கு ஒன்றரை பேர் என்றால் தேங்கியவர்கள் 900 பேர். 60 பேர் ஏறும் பேருந்து 15 போதும், நாலு நிமிடத்துக்கு ஒன்று. ஆனால் யார் காரை விட்டு இறங்குவார்கள் என்பதை சுமோ முடிவு செய்யாது. கொடுத்த பயணப் பட்டியலை அப்படியே ஓட்டும். காரை விட்டுப் பேருந்துக்கு மாறுவோரின் விகிதத்தைப் பயணத் தேவை மாதிரியிலிருந்தோ, மக்களின் பயணத் தேர்வைக் கணிக்கும் மாட்சிம் போன்ற மென்பொருளிலிருந்தோ எடுத்துத் தர வேண்டும். அதுவும் இல்லையென்றால் 0, 10, 20, 30, 40 சதவீதம் பேர் மாறினால் என்று தனித்தனியே ஓட்டி, எந்த இடத்தில் கார்பன் பழைய அளவுக்குக் கீழே இறங்குகிறது என்று காட்டலாம். முடிவெடுப்பவருக்கு வேண்டியது அந்தப் புள்ளிதான்.

சாலை வரைபடத்தை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து சில நிமிடங்களில் இறக்கிவிடலாம். நம்பிவிடக்கூடாது. தட எண்ணிக்கை தவறியிருக்கும், ஒரே சந்திப்பு நாலு சந்திப்பாக உடைந்திருக்கும், சிக்னல் சுற்று 90 நொடி என்று மென்பொருளே ஊகித்திருக்கும். சுமோவின் வரைபடத் திருத்தியான நெட்எடிட்டில் சந்திப்பு சந்திப்பாகத் திருத்துவதற்குத்தான் வேலையில் பெரும்பங்கு போகும். தற்செயல் பயணங்களை உருவாக்கித் தரும் கருவியும் உண்டு. செயல்விளக்கத்துக்குச் சரி, கொள்கைக்கு உதவாது. சாலையில் எண்ணிய வண்டிக் கணக்கோடு ஒப்பிட்டு, 85 சதவீத இடங்களில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அளக்கும் ஜிஇஎச் மதிப்பு 5-க்குக் கீழே வந்தபின் மேலே போவது வழக்கம்.

முடிவைப் புரட்டும் பொறிகள் மூன்று உண்டு, மூன்றும் நெரிசலை நல்லதாகக் காட்டுபவை. 300 நொடி அசையாமல் நின்ற வண்டியை சுமோ தூக்கி முன்னே போட்டுவிடும்; தாவிய தூரத்துக்குப் புகை கணக்கில் வராது. இப்படித் தூக்கிப் போட்டதாகப் பதிவேட்டில் எச்சரிக்கை குவிந்தால் அந்த ஓட்டத்தைத் தூக்கிப் போடுங்கள். ஓட்டம் முடியும்போது பயணம் முடிக்காத வண்டிகள் பயண அறிக்கையில் சேராது. அவற்றையும் சேர்க்கும் விருப்பத்தை இயக்க வேண்டும், இல்லாவிட்டால் நெரிசல் மிகுந்த ஓட்டமே சுத்தமானதாகத் தெரியும். உள்ளே நுழைய இடமில்லாமல் எல்லையில் காத்திருக்கும் வண்டிகளும் புகை விடாதவை. புறப்பாட்டுத் தாமதத்தைத் தனியே பாருங்கள்.

வண்டி எந்த எரிபொருள், எந்தப் புகைத் தரம் என்று சொல்லும் உமிழ்வு வகையைக் குறிப்பிடாவிட்டால் எல்லாக் கார்களும் ஒரே ரகமாகிவிடும். டீசல் தடையைச் சோதிக்க அது பயன்படாது. வாகனப் பதிவு விகிதப்படி பிரித்துக் கொடுங்கள். மின்வண்டிக்கு வால்குழாயில் பூஜ்யம்தான் வரும், மின்நிலையப் புகையை வெளியே கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். விடை மில்லிகிராமில் இருக்கும், கிலோவுக்குப் பத்து லட்சத்தால் வகுக்கவும்.

ஓட்டத்தின் தற்செயல் போக்கைத் தீர்மானிக்கும் தொடக்க எண்ணான விதை எண், மாற்றாதவரை 23423 என்றே இருக்கும்; எத்தனை முறை ஓட்டினாலும் அதே விடைதான். குறைந்தது பத்து விதைகளில் ஓட்டி, விடைகள் எந்த அளவுக்குள் ஏறி இறங்குகின்றன என்பதோடு அறிக்கை கொடுங்கள். திட்டம் தரும் குறைப்பு அந்த ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே அடங்கினால், குறைந்தது என்று எழுத முடியாது.

சந்திப்பு, ஒரு வழித்தடம், வேக வரம்பு: இவற்றுக்கு சுமோவைத் தாராளமாக எடுக்கலாம். நெரிசல் கட்டணம், பேருந்துக் கட்டணச் சலுகை, நிறுத்தக் கட்டணம் போல மக்களின் தேர்வையே மாற்றும் திட்டங்களுக்கு இது இரண்டாவது கருவிதான்.