எலியட் ஸ்மித்: முதலில் ‘ஐதர்/ஆர்’ கேட்பதா, ‘எக்ஸ்ஓ’ கேட்பதா?

அமெரிக்கப் பாடகரும் பாடலாசிரியருமான எலியட் ஸ்மித்தை ஒருவருக்கு அறிமுகம் செய்யும்போதெல்லாம் எனக்கு இந்தக் குழப்பம் வரும். 1997 பிப்ரவரியில் வந்த ‘ஐதர்/ஆர்’ ஆல்பத்தைக் கொடுப்பதா, 1998 ஆகஸ்டில் வந்த ‘எக்ஸ்ஓ’வைக் கொடுப்பதா? நடுவில் ஒன்றரை வருடம்தான். ஆனால் அதற்குள் அவர் வாழ்க்கையே வேறாகிவிட்டது.

‘ஐதர்/ஆர்’ அவர் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் இருந்த காலத்து ஆல்பம். வெளியிட்டது கில் ராக் ஸ்டார்ஸ் என்ற சின்ன நிறுவனம். பெரும்பகுதி வீடுகளில் பதிவானது. கிதார், பேஸ், டிரம்ஸ் எல்லாம் அவரே வாசித்தார். அதே வருடக் கடைசியில் கஸ் வான் சான்ட் இயக்கிய ‘குட் வில் ஹன்டிங்’ படத்தில் இதிலிருந்து சில பாட்டுகள் வந்தன. அந்தப் படத்துக்குக் கொடுத்த ‘மிஸ் மிசரி’ ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. 1998 மார்ச்சில் வெள்ளை கோட் சூட்டில், கையில் ஒரு கிதாரோடு அந்த மாபெரும் மேடையில் நின்று பாடினார். பரிசு ‘டைட்டானிக்’ பாட்டுக்குப் போனது. அடுத்த ஆல்பமான ‘எக்ஸ்ஓ’ ட்ரீம்வொர்க்ஸ் என்ற பெரிய நிறுவனத்தின் வெளியீடு. லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோ, பியானோ, வயலின்கள் என்று வசதிகள் கூடிவிட்டன.

‘ஐதர்/ஆர்’ பக்கம் நிற்பவர்கள் நெருக்கத்தைத்தான் முதலில் சொல்வார்கள். அதில் நியாயம் உண்டு. ‘பிட்வீன் தி பார்ஸ்’ பாட்டை ராத்திரியில் ஹெட்போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள். இரண்டேகால் நிமிடம்தான். பாடுவது ஒரே ஆள், ஆனால் குரல் இரண்டாகக் கேட்கும். ஒரு தடவை பாடிப் பதிவு செய்து, அதன்மேல் அதே வரிகளை மறுபடியும் பாடிச் சேர்ப்பது அவர் வழக்கம். இரண்டும் கிட்டத்தட்ட ஒட்டிப்போகும். ஒட்டாத மயிரிழை இடைவெளியில்தான் அந்த நடுக்கம் இருக்கிறது. பாட்டில் பேசுவது யார்? காதலனாகவும் எடுத்துக்கொள்ளலாம், ‘இன்னும் ஒரு வாய் குடி’ என்று அழைக்கும் மதுவாகவும் எடுத்துக்கொள்ளலாம். தாலாட்டு மாதிரி மெட்டில் இப்படி ஒரு விஷயத்தை வைத்ததால்தான் அது இவ்வளவு பயமுறுத்துகிறது.

சரி, ‘எக்ஸ்ஓ’வுக்கு வருவோம். காசு வந்ததும் சத்தம் கூடிவிட்டது என்று இதைக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. முதல் பாட்டு ‘ஸ்வீட் அடலின்’ பழைய மாதிரியே தனிக் கிதாரும் மெல்லிய குரலுமாகத் தொடங்கும். பாதி வழியில் டிரம்ஸும் அடுக்கடுக்கான குரல்களும் ஒரேயடியாகத் திறந்துகொள்ளும். சின்ன வீட்டின் கதவைத் தள்ளினால் பின்னால் ஒரு பெரிய கூடம் இருந்த மாதிரி. ‘வால்ட்ஸ் நம்பர் 2’ இன்னும் ஒரு படி மேல். திஸ்ர நடையில் டிரம்ஸ் முதலில் வரும், அப்புறம் மற்றவை சேரும். கரோக்கி விடுதியில் மேடையேறிப் பாடும் ஒரு பெண், அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவன். அவருடைய அம்மாவையும் மாற்றாந்தந்தையையும் பற்றிய பாட்டு என்றே பலரும் இதைக் கேட்கிறோம். வெறும் கிதாரோடு இருந்திருந்தால் புலம்பலாக நின்றிருக்கும். அந்த மூன்று தட்டு ஆட்டமும் பியானோவும் சேர்ந்துதான் ஒரு கூட்டத்துக்கு நடுவில் தனியாக நிற்கிற வலியைக் கொண்டுவருகின்றன.

மற்ற ஆல்பங்களா? 1994-ல் வந்த ‘ரோமன் கேண்டில்’ நாலு ஒலித்தடங்கள் மட்டுமே கொண்ட டேப்பில் பதிவானது, அதைப் பின்னால் கேட்டுக்கொள்ளலாம். 2000-ல் வந்த ‘ஃபிகர் 8’இன் சில பகுதிகள் பீட்டில்ஸின் ஆபி ரோடு ஸ்டூடியோவில் பதிவானவை. நல்ல பாட்டுகள் இருக்கின்றன, ஆனால் நீளம் அதிகம். 2003 அக்டோபரில், 34 வயதில் அவர் இறந்தார். பாதியில் நின்ற பாட்டுகளை மற்றவர்கள் முடித்து 2004-ல் ‘ஃப்ரம் எ பேஸ்மென்ட் ஆன் தி ஹில்’ என்று வெளியிட்டார்கள். அவர் கையால் முடிக்காததை இந்தப் போட்டியில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

புதிதாகக் கேட்பவருக்கு ‘ஐதர்/ஆர்’தான் கொடுப்பேன். அவர் குரலை வேறெதுவும் குறுக்கிடாமல் பழகிக்கொள்ள அது உதவும். ஆனால் நான் திரும்பத் திரும்பப் போவது ‘எக்ஸ்ஓ’வுக்கு. காரணம் கடைசிப் பாட்டு. ‘ஐதர்/ஆர்’ முடிவது ‘சே யெஸ்’ பாட்டில், ஒரு கிதாரும் குரலுமாக. இத்தனை வாத்தியங்கள் கையில் இருந்தும், ‘எக்ஸ்ஓ’வின் கடைசிப் பாட்டான ‘ஐ டிடின்ட் அண்டர்ஸ்டாண்ட்’டில் எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டார். கிதார்கூட இல்லை. அவருடைய குரல்மேல் அவருடைய குரலே அடுக்கி, இரண்டேகால் நிமிடம்.