தேயாத பிரேக்கை மாற்றிய கதை

போன வாரம் நண்பர் ஒருவர் போனில் கேட்டார்: "டிரெய்லர் பிரேக்கைப் பிரிச்சீங்களாமே, ஷூ மட்டும் மாத்தினா போதுமா, முழு செட்டா போடணுமா?" ஷூ என்பது டிரம்முக்குள் உரசி சக்கரத்தை நிறுத்தும் வளைந்த துண்டு. முழு செட்டாகப் போடுங்கள் என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். ஆனால் ஒரு சனி ஞாயிறு முழுக்க அதற்குப் பலியானதும், நகக்கண்ணில் இன்னும் போகாத கறுப்பும் அப்படி விடவில்லை. எழுதியே தீர வேண்டும்.

வண்டி இரட்டை ஆக்ஸில் டிரெய்லர், இன்னொரு வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் வகை. நான்கு சக்கரத்திலும் 10 அங்குல எலக்ட்ரிக் டிரம் பிரேக். மின்சாரம் போனதும் உள்ளே இருக்கும் மேக்னட் சுற்றுகிற டிரம்மில் ஒட்டி, ஷூவை டிரம்மின் உட்பக்கத்தில் அழுத்தும். வாங்கி ஐந்து வருஷம் ஆகிறது, 40,000 கிலோமீட்டரை நெருங்கிவிட்டது. இந்த ஐந்து வருஷத்தில் பிரேக்குக்காக நான் ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றவில்லை. அதைப் பெருமையாக நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். ஆக்ஸில் நுனியில் ரப்பர் மூடிக்குள் ஒரு கிரீஸ் நிப்பிள், அதாவது பேரிங்குக்கு கிரீஸ் ஏற்றும் முனை, இருக்கிறதே, அதுதான் காரணம். சக்கரத்தைக் கழற்ற வேண்டாம், பேரிங்கை வெளியே எடுக்க வேண்டாம். மூடியைத் தூக்கி, கிரீஸ் கன்னை மாட்டி, நாலு அழுத்து அழுத்தினால் ஆயிற்று. வாங்கும்போது விற்றவர் இதைத்தான் முதலில் காட்டினார். நானும் மயங்கினேன்.

கோளாறு மெதுவாகத்தான் வந்தது. டிரெய்லர் பிரேக்குக்கு மின்சாரம் அனுப்பும் கண்ட்ரோலரில், முதலில் கெயின் (எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும் என்ற அளவு) 5 இருந்தால் போதும். பிறகு 6 வேண்டியிருந்தது. இந்த வருஷம் 8 வைத்தும், இறக்கத்தில் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளுவது முதுகில் தெரிந்தது. இன்னும் ஏற்றினால் ஒரு சக்கரம் மட்டும் லாக் ஆகிக் கிறீச்சிடும். மழைக்குப் பிறகு ஒருநாள் அப்படி லாக் ஆகி டயரில் ஒரு இடம் தட்டையாகவே தேய்ந்துபோனது.

எலக்ட்ரிக் பிரேக் என்றாலே எல்லோரும் முதலில் வயரைத்தான் சந்தேகப்படுவார்கள். நானும் அப்படித்தான். ஆக்ஸில் குழாய்க்குள் போகும் வயர் உரசி ஷார்ட் ஆவதும், எர்த் துரு ஏறிக் கெடுவதும் இந்த வண்டிகளில் சகஜம். மீட்டரைச் செருகிப் பார்த்தேன். ஒரு மேக்னட் சுமார் 3 ஆம்பியர் இழுக்க வேண்டும், நான்குக்கும் சேர்த்து 12. எனக்குக் காட்டியது 11.6. கச்சிதம். ஒவ்வொரு மேக்னட்டையும் தனித்தனியாக அளந்தேன், எல்லாம் 3 ஓமுக்குக் கொஞ்சம் மேலே. அதுவும் சரி. கண்ட்ரோலரே கெட்டிருக்குமோ என்று இரவல் வாங்கி இன்னொன்று மாட்டிப் பார்த்தேன். மாற்றமில்லை. இந்த மீட்டரை நம்பித்தான் ஒரு மாதம் வீணாய்ப்போனது.

கடைசியில் கண்டுபிடித்துக் கொடுத்தது ஒரு சாதாரண வெப்பமானி, தூரத்திலிருந்து குறிபார்த்து அளக்கிற வகை. டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்திப் பத்துப் பதினைந்து தடவை வேகத்தைக் குறைத்துவிட்டு, ஓரம் கட்டி நான்கு டிரம்மையும் அளந்தேன். இரண்டு நன்றாகச் சூடாகியிருந்தன. பின் ஆக்ஸிலில் இருந்த இரண்டும் ஏறக்குறைய காற்றின் வெப்பத்திலேயே இருந்தன. மின்சாரம் போகிறது, மேக்னட் ஒட்டுகிறது, ஆனால் பிடிப்பு இல்லை. அதாவது ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது.

என்ன இருந்தது என்பதை ஹப்பை, அதாவது டிரம்மோடு சேர்ந்த சக்கரத்தின் நடுப்பகுதியை, கழற்றியதும் பார்த்தேன். கிரீஸ். கொஞ்சநஞ்சமில்லை. பேக்கிங் பிளேட் (பிரேக் பாகங்களைத் தாங்கும் பின்தட்டு), ஸ்ப்ரிங், மேக்னட், ஷூ எல்லாவற்றின் மேலும் பூசி மெழுகியிருந்தது. ஐந்து வருஷமாக நான் அன்போடு ஊட்டிய கிரீஸ், அதைத் தடுத்து நிற்க வேண்டிய ரப்பர் வளையமான பின்பக்க சீலைத் தாண்டி நேராக பிரேக்குக்குள் போயிருக்கிறது. ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உரசும் பொருளான லைனிங்கை அளந்தேன். 1.6 மில்லிமீட்டருக்கு வந்தால்தான் மாற்ற வேண்டும் என்பார்கள். என்னுடையதில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேலேயே பாக்கி இருந்தது. இன்னும் பல வருஷம் ஓடியிருக்க வேண்டிய ஷூ. குப்பைக்குப் போயிற்று.

பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். அதையும் செய்து பார்த்தேன். லைனிங் நுண்துளை உள்ள பொருள், கிரீஸ் உள்ளே ஊறிவிடும். மேலே துடைத்தால் பளிச்சென்று இருக்கும். நாலு தடவை பிரேக் பிடித்துச் சூடானதும் மறுபடி வியர்க்கும்.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால், தப்பில் பாதி என்னுடையது. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கையால் சுற்றிக்கொண்டே, மெதுவாக கிரீஸ் ஏற்ற வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. நான் ஒரு வருஷமாவது வண்டியைத் தூக்காமலே, சுற்றாமலே, அவசரத்தில் அழுத்தியிருக்கிறேன். இடதுபக்க சீலின் உதடு திரும்பி, அதன் சுருள் ஸ்ப்ரிங் கழன்று கிடந்தது. அது என் கைவேலைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வலதுபக்க சீலில் ஒரு கீறலும் இல்லை, அங்கேயும் கிரீஸ் கசிந்திருக்கிறது. ஹப்புக்குள் இருக்கிற வெற்றிடம் பெரிது. அதை நிரப்பித்தான் பழைய கிரீஸ் முன்னால் வெளியே வரவேண்டும். அவ்வளவு நிரப்பிய பிறகு ஓட்டத்தில் சூடாகி விரிந்தால் எந்தப் பக்கம் வழி கிடைக்கிறதோ அந்தப் பக்கம்தான் போகும். அந்த வழியை அடைத்திருப்பது ஒரு ரப்பர் உதடு. அதன் மறுபக்கம் பிரேக். இப்படி ஓர் இடத்தில் நிப்பிள் வைக்க யாருக்குத்தான் தோன்றியதோ!

இன்னொன்று. அதே கையேட்டில் வேறொரு பக்கத்தில், ஆண்டுக்கு ஒருமுறை டிரம்மைக் கழற்றி பிரேக்கைப் பாருங்கள் என்றும் இருக்கிறது. நிப்பிள் இல்லாத பழைய வண்டி வைத்திருந்தபோது பேரிங்குக்கு கிரீஸ் போடுவதற்காகவே வருஷம் தவறாமல் கழற்றுவேன். கழற்றினால் பிரேக் தானாகக் கண்ணில் படும். இந்த வண்டியில் கழற்றும் வேலை மிச்சம், ஆகவே பார்ப்பதும் மிச்சம். ஐந்து வருஷம்!

சரி, நண்பரின் கேள்விக்கு வருகிறேன். ஷூ மட்டும் வாங்கினால் ஸ்ப்ரிங்குகளைப் பிரித்து, ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைக் கழுவி, மேக்னட்டையும் அதே கையோடு மாற்றி எல்லாவற்றையும் திரும்பக் கோர்க்க வேண்டும். மேக்னட்டின் முகத்தில் அடிக்கோலை வைத்துப் பாருங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் அதுவும் சாய்ந்து தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பேக்கிங் பிளேட்டோடு முழுசாக வாங்கினால் நாலு போல்ட், இரண்டு வயர், அவ்வளவுதான். அந்த இரண்டு வயரில் எது எங்கே என்ற கவலையும் வேண்டாம், மாறினாலும் மேக்னட் வேலை செய்யும். ஒரு ஆக்ஸிலில் ஒரு பக்கம் கெட்டாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லாவிட்டால் இழுப்பு சமமாக இருக்காது.

இடது வலது மட்டும் மாறக்கூடாது. லைனிங் நீளம் குறைவான ஷூ வண்டியின் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும். நான் முதல் பக்கத்தைத் தப்பாக மாட்டி, நாலு போல்ட்டையும் டார்க் பிடித்து (குறித்த அளவுக்கு இறுக்கி) முடித்து, ஒரு வாய் தண்ணீர் குடிக்கும்போதுதான் கவனித்தேன். அந்த அரைமணி நேரத்தைப் பற்றி வீட்டில் யாருக்கும் தெரியாது.

மாட்டியதோடு வேலை முடிந்துவிடவில்லை. பின்னால் இருக்கும் துளை வழியாக அட்ஜஸ்டரின் பல்சக்கரமான ஸ்டார் வீலைத் திருப்பி, டிரம் சுற்ற மறுக்கும் வரை இறுக்கி, பிறகு லேசான உரசல் மட்டும் கேட்கும்வரை தளர்த்த வேண்டும். பிறகு ஷூ படிய 65 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 30க்கு, இருபது முப்பது தடவை, நடுவில் ஆறவிட்டு. முதல் 300 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை அட்ஜஸ்ட் செய்தேன். வீல் நட்டையும் இரண்டு மூன்று தடவை டார்க் ரெஞ்சால் சரிபார்த்தேன். வண்டியில் தானே அட்ஜஸ்ட் ஆகும் வகை பிரேக் இருந்தால், மாட்டும்போது ஒருமுறை திருப்பியதோடு சரி, பிறகு ஸ்டார் வீல் பாடு உங்களுக்கு இல்லை.

இப்போது? கெயின் மறுபடி 5. அதே இறக்கத்தில் டிரெய்லர் இருப்பதே தெரியவில்லை. மிதியில் கால் வைத்ததும் பின்னால் யாரோ மெல்லச் சட்டையைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி இருக்கிறது. பிடிப்பில், எளிமையில், ஒரே பகலில் ஒரு ஆக்ஸிலை மாற்றி முடிக்கும் வசதியில் இந்த டிரம் பிரேக்கைக் குறைசொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை. அடுத்த டிரெய்லர் வாங்கினால் இதையே வாங்குவேனா என்று நண்பர் கேட்டார். மாட்டேன். ஹைட்ராலிக் டிஸ்க்தான். அதற்கு பிரேக் ஆயிலுக்கு அழுத்தம் கொடுக்கத் தனி ஆக்சுவேட்டர், பிரேக் லைன், கசிந்தால் வேறு தலைவலி, செலவும் அதிகம் என்று எல்லாம் தெரியும். தெரிந்தேதான் சொல்கிறேன். நகத்தில் கறுப்பு போனபிறகு கேட்டால் ஒருவேளை வேறு பதில் சொல்வேன்.

நிப்பிளை இன்னும் பிடுங்கவில்லை. நான்கு ரப்பர் மூடியிலும் சிவப்புப் பெயின்ட்டில் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். கிரீஸ் கன்னைக் கேட்டு வந்த நண்பரிடமே கொடுத்துவிட்டேன், மெதுவாக அழுத்துங்கள் என்று சொல்லி.