ஈடிப்பஸா, கிரியோனா: யாருக்காக மனம் இளகுகிறது?

இருவரும் தீப்ஸ் நகரத்து அரசர்கள், பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்கிளீஸின் நாடகங்களில் எல்லாவற்றையும் இழந்து நிற்பவர்கள். ஆனால் என் இரக்கம் இருவருக்கும் ஒரே அளவில் போவதில்லை.

ஈடிப்பஸ் தன் தந்தையான முந்தைய அரசனைக் கொன்றதும் தாயை மணந்ததும் தெரியாமல் நடந்தவை. அப்படி நடக்கும் என்ற ஆரூடத்துக்குப் பயந்துதான் வளர்ந்த ஊரான கொரிந்துக்கே திரும்பாமல் ஓடினான். முன்கோபிதான், முச்சந்தியில் வழிவிடுவதில் எழுந்த தகராறு அந்தக் கொலையில் முடிந்தது. ஆனால் கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காப்பாற்ற, அந்த அரசனைக் கொன்றது யார் என்ற விசாரணையைத் தொடங்கியவனும் அவனே. 'இதோடு விட்டுவிடு' என்று தாயும் மனைவியுமான யொகாஸ்டா கெஞ்சியும் உண்மையைத் தேடுவதை விடவில்லை. கடைசியில் அவளுடைய ஆடை ஊசிகளாலேயே கண்களைக் குத்திக்கொண்டவன், தன் இரண்டு பெண் குழந்தைகளையும் கையால் தடவிப் பார்க்கிறானே, அந்த இடத்தை என்னால் சட்டென்று கடந்து போக முடிவதில்லை.

கிரியோன் கதை வேறு. ஊர்மீதே படையெடுத்து வந்து இறந்தவன் ஈடிப்பஸின் மகன் பாலினைசிஸ். அவன் உடலைப் புதைக்கக் கூடாது என்பது கிரியோனே போட்ட ஆணை. அதை மீறிச் சகோதரனைப் புதைத்த ஆன்டிகனியைக் குகையில் அடைத்தான். அவளை மணக்கவிருந்த தன் மகன் ஹேமன் சொல்லியும் கேட்கவில்லை. தகாத துன்பத்துக்கு ஆளானவர்மீதுதான் இரக்கம் பிறக்கும் என்பார் அரிஸ்டாட்டில். அந்தக் கணக்கில் இவனுக்குப் பங்கு குறைவு. குருட்டு ஞானி டைரீசியஸ் எச்சரித்த பிறகே மனம் மாறினான். முதலில் பெண்ணை விடுவி, பிறகு உடலைப் புதை என்றார்கள் முதியவர்கள். அவன் பிணத்தை அடக்கம் செய்துவிட்டுக் குகைக்குப் போனான். ஆன்டிகனி அதற்குள் தூக்கில் தொங்கிவிட்டாள். ஹேமனும் அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டான். மகனின் உடலோடு அரண்மனைக்கு வந்தால், மனைவியும் இறந்த செய்தி காத்திருக்கிறது. அப்போது எனக்கும் கண் கலங்கும். ஆனால் அது ஹேமனுக்காக.