சார்ஜ் லைட்டா, செல் டார்ச்சா?

2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி கரை மீறியபோது திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பல ஊர்களில் மின்சாரம் இல்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. அப்படி ஒரு ராத்திரிக்கு வீட்டில் எந்த விளக்கு இருக்க வேண்டும்?

சார்ஜ் லைட் அறை முழுக்க வெளிச்சம் தரும். சமைக்க, பிள்ளைகளுக்குச் சோறு போட, பெரியவர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க அதுதான் சௌகரியம். தினமும் ஒரு மணி நேரம் கரண்ட் போகிற ஊருக்கு அது போதும். ஆனால் சார்ஜ் தீர்ந்தால் மறுபடி கரண்ட் வரும்வரை அது வெறும் டப்பா. எடுக்காமலே வைத்திருந்தாலும் சார்ஜ் மெல்ல இறங்கும், பேட்டரியும் கெடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது ஏற்ற வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

செல் டார்ச், அதாவது பேட்டரி செல் போட்டு எரியும் டார்ச், ஒரு பக்கம்தான் அடிக்கும். ஆனால் தண்ணீர் ஏறும் தெருவில் குழி எது, படி எது என்று காட்ட அதுதான் கைகொடுக்கும். மாடியிலிருந்து படகுக்காரர்களுக்குச் சைகை காட்டவும் உதவும். செல் தீர்ந்தால் மாற்றிவிடலாம். ஆல்கலைன் செல் பிரிக்காமல் வருடக்கணக்கில் தாங்கும். உள்ளேயே விட்டால் கசிந்து கம்பியை அரிக்கும், அதனால் தனியே எடுத்து வையுங்கள்.

ஒன்றுதான் வாங்க முடியுமென்றால், திருநெல்வேலியின் கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை போல ஆற்றை ஒட்டி இருப்பவர்களுக்கு நான் டார்ச்சைத்தான் சொல்வேன். ஐப்பசி பிறக்கும் முன்பே புது செல்லோடு சேர்த்து பிளாஸ்டிக் பையில் கட்டி, பரணில் வேண்டாம், கை எட்டும் ஆணியில் மாட்டுங்கள்.