மெக்ரிட்சியா, ஜூரோங்கா, லோவர் பியர்ஸா: அம்மாவோடு நடக்க எந்த ஏரிக்கரை?

ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ வந்தால் சிங்கப்பூரில் முதல் வாரம் தானாக ஓடிவிடும். மெரினா பே, செந்தோசா, வீரமாகாளியம்மன் கோயில், முஸ்தபா என்று நாட்கள் போவதே தெரியாது. இரண்டாவது வாரத்தில்தான் கட்டடங்களைப் பார்த்துக் கண் களைத்துப்போகும். போன ஜூனில் வந்த என் அம்மா பத்தாவது நாள் காலையில் காபியை வைத்துக்கொண்டு சொன்னார்: "மரமும் தண்ணியும் கெடக்குற எடத்துக்குக் கூட்டிட்டுப் போ மக்களே."

அம்மாவுக்கு வயது 67. கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரத்துக்காரர். மலையடிவாரத்தில் வளர்ந்தவர் என்பதால் காடு என்றால் முகம் மலரும். ஆனால் இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். அரை மணி நேரம் நடந்தால் பத்து நிமிடம் உட்கார வேண்டும், படி இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். அவரை ஒரு மாதத்துக்குள் மூன்று ஏரிக்கரைகளுக்குக் கூட்டிப்போனேன்: மெக்ரிட்சி நீர்த்தேக்கம், ஜூரோங் ஏரித் தோட்டங்கள், லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கப் பூங்கா. இதே கேள்வியோடு இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். எனக்குப் பிடித்தது லோவர் பியர்ஸ்தான். என் வீடு அங் மோ கியோவில் இருப்பதால் அது பக்கம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பொதுவான விஷயங்களில் பெரிய வித்தியாசம் இல்லை. மூன்றுக்கும் கட்டணம் கிடையாது. மூன்றிலும் கழிப்பறை உண்டு, கொசுவும் உண்டு. ஏரி என்று நான் சொன்னாலும் மூன்றுமே மனிதர்கள் அணைகட்டித் தேக்கிய நீர்தான். போய்ச் சேர எளிது ஜூரோங்: லேக்சைடு எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால் போதும். மற்ற இரண்டுக்கும் ரயிலிலிருந்து இறங்கிக் கொஞ்சம் நடக்கவோ பஸ் பிடிக்கவோ வேண்டியிருக்கும்.

ஜூரோங்கை முதலில் முடித்துவிடுகிறேன். மொத்தம் 90 ஹெக்டேர், அதில் ஏரியின் மேற்குக் கரையிலுள்ள பகுதி 2019இல் திறந்தது. சீனத் தோட்டமும் ஜப்பானியத் தோட்டமும் புதுப்பிக்கப்பட்டு 2024 செப்டம்பரில் மறுபடி திறந்தன. பாதைகள் அகலம், சமதளம், உட்காரவும் இடம் தாராளம். ரசாவ் நடைபாதை என்று நீரோரமாக 300 மீட்டருக்குப் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். ரசாவ் என்பது நம்மூர்த் தாழைக்குச் சொந்தக்காரச் செடி. அம்மா பார்த்தவுடன் "இது தாழையில்லா" என்று கண்டுபிடித்துவிட்டார். சின்னப் பிள்ளைகள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், விளையாட்டுத் திடலில் விட்டுவிட்டு நீங்கள் கரையில் உட்காரலாம். குறை ஒன்றுதான், நிழல். மரங்கள் பல இடங்களில் இன்னும் இளசு, நடுவில் திறந்த புல்வெளி நிறைய. காலை ஒன்பதரைக்கு மேல் வெயில் தலையில் இறங்கும். நான் அங்கே இரண்டே முறைதான் போயிருக்கிறேன், இரண்டும் மாலை நேரம். விடியற்காலையில் அதன் அழகு வேறாக இருக்கலாம். அம்மா ரசித்தார். ஆனால் திரும்பும்போது "தோட்டம் நல்லாத்தான் இருக்கு. காடு எப்ப காட்டுவே?" என்று கேட்டார்.

காடு என்றால் எல்லோரும் கைகாட்டுவது மெக்ரிட்சியைத்தான். 1868இல் கட்டி முடித்த சிங்கப்பூரின் முதல் நீர்த்தேக்கம். கரையில் நின்று எதிரே பார்த்தால் தண்ணீருக்கு அப்பால் மரம், மரத்துக்கு அப்பாலும் மரம். எதிர்க்கரையில் ஒரு வீடு தெரியாது. அந்தக் காட்டுக்குள்தான் ‘ட்ரீடாப் வாக்’ என்ற மரமுகட்டுத் தொங்குபாலம் இருக்கிறது. 2004இல் திறந்தது, நீளம் 250 மீட்டர், மிக உயரமான இடத்தில் காட்டுத் தரையிலிருந்து 25 மீட்டர். அந்த உயரத்தில் நிற்கும்போது மரத்தின் தலையை நாம் மேலிருந்து பார்க்கிறோம். ஒரு துடுப்புவால் கரிச்சான் எங்கள் கண்ணுக்கு நேராகப் பறந்துபோனது. வாலின் இரண்டு நீளக் கம்பிகளும் நுனியில் இருந்த இறகுக் கொத்தும் அது போன பின்னும் சற்று நேரம் கண்ணில் நின்றன. பேச்சிப்பாறைப் பக்கம் சிறுவயதில் பார்த்த பறவை என்று அம்மா சொன்னார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு மெக்ரிட்சியை ஏன் இரண்டாவதாக வைக்கிறேன்? பாலம் ஒருவழிப் பாதை என்பதால்.

நடப்பது வேறு, திரும்புவது வேறு. முதியவர்களைக் கூட்டிப்போகும்போது "எவ்வளவு தூரம் நடக்க முடியும்" என்று நாம் கேட்கிறோம். அவர்களும் உற்சாகத்தில் "நடந்துருவேன்" என்று சொல்லிவிடுவார்கள். போகும்போது காற்று குளிர்ச்சியாக இருக்கும், பேச்சு இருக்கும், பார்க்கப்போகும் பொருள் முன்னால் இருக்கும். முழங்கால் வலி திரும்பும்போதுதான் வாய் திறக்கும். அதனால் கேட்க வேண்டியது இதுதான்: இந்த இடத்தில் வலி வந்தால், இங்கிருந்து வெளியே போக எவ்வளவு தூரம்?

மெக்ரிட்சி பிரதான வாசலிலிருந்து தொங்குபாலத்துக்கு நாலு கிலோமீட்டருக்கு மேல். வீனஸ் டிரைவ் பக்கம் வின்சர் இயற்கைப் பூங்கா வழியாகப் போனால் ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர். குறுக்கு வழிதானே என்று இதில்தான் அம்மாவைக் கூட்டிப்போனேன். பாலம் வரை பிரச்சினையே இல்லை. வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தோம், தண்ணீர் குடித்தோம். பாலத்தில் ஏறியபின் வந்த வழியே திரும்ப முடியாது. கடந்துதான் ஆக வேண்டும். கடந்த பிறகு வருவது மேலும் கீழுமாகப் போகும் பலகைப் படிகள். அங்கேதான் அம்மாவின் வலது முழங்கால் வீங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு படியிலும் இடது காலை முதலில் வைத்து, வலது காலை அதன் பக்கத்தில் சேர்த்து, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் வருத்தமாக இருந்தது. வண்டி வர முடியாத இடம். பின்னால் வந்தவர்கள் பொறுமையாக நின்று வழிவிட்டார்கள். வெளியே வந்து சேர மதியம் ஒன்றரை ஆனது. அடுத்த மூன்று நாள் வீட்டிலேயே ஒத்தடம்.

பாலத்தை விட்டுவிட்டு மெக்ரிட்சியின் கரையோரப் பலகைப் பாதையில் மட்டும் கொஞ்ச தூரம் போய்த் திரும்பலாமே என்று கேட்கலாம். போகலாம், நல்ல நடைதான். ஆனால் அங்கே வந்தவர்கள் எல்லோரும் பாலத்தைப் பற்றியே பேசிக்கொண்டு போவார்கள். பாதிவழியில் திரும்புகிறவருக்கு எதையோ இழந்த உணர்வு வந்துவிடும். அம்மா மாதிரி ஆட்களுக்கு அது முழங்கால் வலியைவிடப் பெரிது.

லோவர் பியர்ஸில் அந்தத் தொல்லை இல்லை. அங்கே போய்ச் சேர வேண்டிய இடம் என்று ஒன்றும் கிடையாது. கரையில் புல் சரிவு, அதன் முன்னால் தண்ணீர், எதிரே காடு. பக்கத்தில் காட்டுக்குள் போகும் பலகைப் பாதை ஏறத்தாழ 900 மீட்டர். எந்த இடத்தில் கால் வலித்தாலும் ஒரு கிலோமீட்டருக்குள் வெளியே வந்துவிடலாம். நூறு மீட்டரில் திரும்பினாலும் காட்டைப் பார்த்த நிறைவு கிடைத்துவிடும், ஏனென்றால் அந்த நூறு மீட்டரிலேயே மேலே விதானம் மூடிக்கொள்ளும். அம்மாவை அங்கே நான்கு முறை கூட்டிப்போனேன். முதல் முறை பாதிவரை, அடுத்த முறை முழுதும், மூன்றாவது முறை கால் சரியில்லை என்று புல்வெளியோடு சரி. மூன்று நாளும் திருப்தியாக வீடு திரும்பினார்.

இதுவும் பழைய நீர்த்தேக்கம்தான். 1910இல் காலாங் நதி நீர்த்தேக்கம் என்ற பெயரில் வந்தது. 1922இல் நகராட்சிப் பொறியாளர் ராபர்ட் பியர்ஸின் பெயர் வைத்தார்கள். 1975இல் மேலே இன்னொன்று கட்டியபோது இது லோவர் ஆனது. மெக்ரிட்சி மாதிரி பெரிய கூட்டம் இங்கே வராது. வார நாளில் தூண்டில் போடுகிறவர்கள் சிலர், நடைக்கு வரும் அக்கம்பக்கத்து முதியவர்கள் சிலர், அவ்வளவுதான். வாசல் இருக்கும் பழைய அப்பர் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை கார்ப் பந்தயம் நடந்தது என்றால் இன்று நம்ப முடியாது. இப்போது அந்த வளைவுகளில் குரங்குகள் உட்கார்ந்து பேன் பார்க்கின்றன.

பலகைப் பாதையில் ஓரிடத்தில் அம்மா சட்டென்று நின்றார். கீழே மூன்று மூன்று இலையாக உதிர்ந்து கிடந்ததைப் பார்த்தார், அப்புறம் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். "இது நம்மூரு ரப்பராக்கும்." ஆமாம், இந்தக் காட்டின் ஒரு பகுதி பழைய ரப்பர்த் தோட்டம். தோட்டத்தைக் கைவிட்ட பிறகு காடு வந்து மூடிக்கொண்டது. ரப்பர் இந்த நாட்டுக்கு வந்த கதை எனக்குப் படித்துத் தெரியும்: 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன, பின்னால் மலாயா முழுக்கப் பரவின, அந்தத் தோட்டங்களில் பால் வெட்ட நம் ஆட்கள் கப்பலேறினார்கள். அம்மாவுக்கு ரப்பர் கையால் தெரியும். தண்டைத் தடவிப்பார்த்து, மேடும் பள்ளமுமாக இருந்த ஓரிடத்தில் விரலை வைத்து, "இது பால் வெட்டின தழும்பு" என்றார். விடிவதற்குள் போய்ப் பட்டையைச் சீவி, சிரட்டையில் பால் சொட்டுவதைப் பார்த்து, மறுநாள் ஒட்டுப்பாலை உரித்தெடுத்த கதையெல்லாம் அந்த மரத்தடியில் வந்தது. எனக்கு நாற்பத்திரண்டு வயது, இதில் பாதியை அன்றுதான் முதல்முறை கேட்டேன்.

பாதையோரம் கிடந்த ஒரு ரப்பர் விதையை எடுத்தார். பழுப்பில் கோடும் புள்ளியுமாக, பாலீஷ் போட்ட மாதிரி இருந்தது. அதைப் பலகையில் பத்துப் பன்னிரண்டு தடவை வேகமாகத் தேய்த்து என் மணிக்கட்டில் வைத்தார். சுள்ளென்று சுட்டது. பள்ளிக்கூடத்தில் முன் பெஞ்சுக்காரர்களுக்கு வைப்பார்களாம். ஊருக்குக் கொண்டுபோகப் பர்ஸில் போடப் பார்த்தார். இங்கே பூங்காக்களிலிருந்து எதையும் எடுத்துப்போகக் கூடாது என்றதும் எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டார்.

லோவர் பியர்ஸில் குறை இல்லாமல் இல்லை. உள்ளே சாப்பாட்டுக்கடை கிடையாது. குரங்குகள் பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடு என்று நினைக்கும், அதனால் கையில் பை வேண்டாம், தண்ணீரையும் முதுகுப் பைக்குள் வைத்து மூடிவிடுங்கள். பாவம் என்று பழம் போடாதீர்கள், உணவளிப்பது சட்டப்படி குற்றம், அபராதமும் பெரிது. பலகை மழைக்குப்பின் வழுக்கும், பிடிமானமுள்ள செருப்பு வேண்டும். நான் கூட்டிப்போனது நடக்கக்கூடிய முதியவரை. சக்கர நாற்காலியோடு நான் போய்ப்பார்த்ததில்லை, அப்படிப்பட்டவர்களுக்கு ஜூரோங்கின் சமதளப் பாதையைத்தான் சொல்வேன்.

மழை விஷயத்திலும் திரும்பும் தூரம்தான் கைகொடுக்கும். சிங்கப்பூரில் மத்தியான இடி எந்த நிமிடத்திலும் வரும். ஜூன் மாதத்தில் சுமத்ரா பக்கமிருந்து விடிகாலையில் அடித்துவரும் புயல்மழையும் உண்டு. எங்கள் நான்காவது நடையில் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. அம்மாவின் நடையிலேயே பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம், காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தவும் கொட்டவும் சரியாக இருந்தது. தொங்குபாலம் தாண்டிய படிகளில் அதே மழை பிடித்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று அன்று இரவு வெகுநேரம் யோசித்தேன்.

சரி, யாருக்கு எது? உங்கள் விருந்தாளிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் படியேறி இறங்க முடியுமென்றால் மெக்ரிட்சிக்கே போங்கள், அந்தப் பாலத்துக்கு ஈடு மற்ற இரண்டிலும் இல்லை. திங்கட்கிழமை வேண்டாம், பாலம் மூடியிருக்கும். பிள்ளைகளும் தாத்தா பாட்டியும் சேர்ந்து போவதென்றால் ஜூரோங், மாலை நான்கரைக்கு மேல். காட்டு நிழலும் வேண்டும், கால் சொல்லும் இடத்தில் திரும்பவும் வேண்டும் என்றால் லோவர் பியர்ஸ். காலை எட்டுக்குப் போய், ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, அப்பர் தாம்சன் சாலையில் சூடாக இரண்டு பிராட்டாவும் (இங்கத்துப் பரோட்டா) தே தாரிக்கும் (நுரைக்க ஆற்றிய பால் டீ) சாப்பிடலாம். மாலை என்றால் ஐந்தரைக்குப் போய்ப் புல்லில் உட்காருங்கள். வெயில் எதிர்க்கரை மரங்களுக்குப் பின்னால் இறங்கும்.

அம்மா டிசம்பரில் மறுபடி வருகிறார், இந்த முறை சித்தியும் கூட. சித்திக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது. அதனால் ஒரு நாள் சித்தியை நான் பாலத்துக்குக் கூட்டிப்போவது, அம்மா அன்று என் மனைவியோடு லோவர் பியர்ஸ் புல்வெளியில் இருப்பது என்று போனிலேயே முடிவாகிவிட்டது.